‘மட்டற்ற மகிழ்ச்சி’ கட்டுரையும் கோலாலம்பூர் சுற்றுலாவும்



கல்விச் சுற்றுலா முடிந்த மறுவாரம் கட்டுரை நோட்டுகளைத் திருத்தியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். முப்பது நோட்டிலும் ஒரே காலைப்பொழுது. கதிரவன் உதிக்கிறான், பறவைகள் கீச்சிடுகின்றன, பேருந்து சரியாக 7 மணிக்குப் புறப்படுகிறது. தேசிய அருங்காட்சியகத்தில் ‘பழங்காலப் பொருள்களைக் கண்டு வியந்தோம்’. மெர்டேக்கா சதுக்கத்தில் ‘நினைவுக்காகப் படம் பிடித்துக்கொண்டோம்’. நடுவில் ஒரு பழமொழி. முடிவில் எல்லாரும் மட்டற்ற மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகிறார்கள். ‘எந்தப் பழங்காலப் பொருள்டா, பேர் சொல்லு’ என்று கேட்டால் பதில் வராது. முப்பதில் ஒரு பிள்ளை மட்டும் பேருந்தில் பக்கத்துப் பையன் வாந்தி எடுத்ததை எழுதியிருப்பான். உண்மையில் அதுதான் அன்றைய ஒரே கட்டுரை. நாமோ ‘தேவையற்ற கருத்து’ என்று சிவப்பு மையில் கோடு போட்டுவிடுகிறோம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் நேர்மையாகத்தான் எழுதுகிறார்கள். சுற்றுலாவே வார்ப்பில் ஊற்றியதாக இருக்கும்போது கட்டுரை மட்டும் வேறு மாதிரி வராது. காலையில் தேசிய அருங்காட்சியகம், பிறகு தேசிய நினைவுச் சின்னம், மெர்டேக்கா சதுக்கம், இரட்டைக் கோபுரத்தின் அடியில் சாப்பாடு, நேரம் இருந்தால் புத்ராஜெயா. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சட்டைக்கும் சேர்த்து ஒரு பெற்றோர் நாற்பது, ஐம்பது ரிங்கிட் கொடுக்கிறார். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது பெரிய காசு. அந்தக் காசுக்கு என்ன கொடுத்தோம் என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டாமா?

முதலில் பயிற்சித்தாளைப் பார்ப்போம். என் கையில் இப்போது ஒன்று இருக்கிறது. எந்தப் பள்ளியினுடையது என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒன்றுபோலத்தான். இருபது கேள்விகள், இருபதும் ‘எப்போது’, ‘எத்தனை’, ‘யார்’. விடைகள் எல்லாம் காட்சிப் பலகையில் இருக்கின்றன. பிள்ளை பலகையைப் பார்க்கிறான், நகல் எடுக்கிறான், அடுத்த பலகைக்கு ஓடுகிறான். பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்க அவனுக்கு நேரமே கிடையாது. ஒருவன் எழுதி முடித்தால் மற்ற நான்கு பேருக்கும் வேலை முடிந்தது. இந்தத் தாளை வகுப்பில் உட்கார்ந்தே செய்துவிடலாம். பேருந்து வாடகையாவது மிஞ்சும்.

தேசிய அருங்காட்சியகமே ஒரு பெரிய நூல். முதல் பக்கம் வெளியில் இருக்கிறது. முன்புறச் சுவரின் இரு பக்கத்திலும் நீளமான இரண்டு கண்ணாடிச் சில்லு ஓவியங்கள் உண்டு. சியோங் லாய் தோங் என்ற ஓவியரின் வேலை. ஒன்று வரலாற்று நிகழ்வுகளைச் சொல்கிறது, மற்றது நாட்டின் தொழில்களையும் கலைகளையும். நாம் அதன் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துத் தலை எண்ணுகிறோம். ஓவியம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்! அவர்களை அப்படியே திருப்பி நிற்க வைத்துப் பதினைந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், யாரைக் காணோம்? இந்த மூன்று கேள்விக்குப் பயிற்சித்தாளே தேவையில்லை.

கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. இதே இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியபோது அதன் ஒரு பகுதி அழிந்தது. ஹோ கோக் ஹோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இப்போதைய கட்டடம் 1963 ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்டது. தேதியைக் கவனியுங்கள். மலேசியா உருவானது செப்டம்பர் 16. ஆக, நம் தேசிய அருங்காட்சியகம் மலேசியாவைவிடப் 16 நாள் மூத்தது. மலேசியா முதலில் ஆகஸ்டு 31-இல் உருவாவதாகத்தான் திட்டம், அது தள்ளிப்போனது. ஆறாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்?

உள்ளே நான்கு காட்சிக்கூடங்கள். தொடக்க கால வரலாறு, மலாய் அரசுகள், காலனித்துவக் காலம், இன்றைய மலேசியா. நான்கையும் ஒரு மணி நேரத்தில் முடிப்பது நம் வழக்கம். அது பார்வையிடல் ஆகாது, அணிவகுப்பு. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலமும் தொடக்க கால அரசுகளும் மலாக்காவும் வருகின்றன. ஐந்தாம் ஆண்டில் காலனித்துவமும் விடுதலையும். அப்படியிருக்க நான்காம் ஆண்டுப் பிள்ளையை நான்காவது கூடத்துக்கு ஏன் விரட்ட வேண்டும்? ஒரு வகுப்புக்கு ஒரு கூடம் போதும். மற்றவை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

முதல் கூடத்தில் நம் ஆசிரியர்கள் சிலர் செய்யும் வேறொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த அருங்காட்சியகத்தின் முக்கியமான பொருள்களில் ஒன்று, பேராக் பீடோரில் 1936-இல் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த எட்டுக் கை வெண்கலச் சிலை. அது அவலோகிதேசுவரர், பௌத்தப் போதிசத்துவர். பிள்ளைகள் பார்த்த உடனே ‘சாமி’ என்கிறார்கள், இயல்புதான். ஆசிரியரும் சேர்ந்துகொண்டு ‘ஆமா, நம்ம சாமிதான்’ என்று சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. பூஜாங் பள்ளத்தாக்கு பற்றிப் பேசினாலும் இதே கதை. இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மீது படையெடுத்ததைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அது ஒரு படையெடுப்பு. கடாரமோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துறைமுகமாக இருந்தது. இந்திய, சீன, அரபு வணிகர்கள் வந்துபோனார்கள். ‘நாம்தான் இந்த ஊரை ஆண்டோம்’ என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது அந்த நேரத்துக்குப் பெருமையாக இருக்கும். இடைநிலைப்பள்ளிக்குப் போய் அவன் அதையே எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளில் எழுதினால் யார் பொறுப்பு? 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்பது நமக்குத் தெரியும்.

இனி மூன்றாவது கூடம். எனக்கு உண்மையான குறை இங்கேதான். அருங்காட்சியகத்தின்மேல் பாதி, நம்மேல் பாதி.

ரப்பர் என்று வந்துவிட்டால் பாடநூல், காட்சிப் பலகை, நம் வாய், மூன்றும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: ‘பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தனர்.’ நாம் தமிழாசிரியர்கள். இந்த வாக்கியத்தை இலக்கணமாகப் பிரித்துப் பார்ப்போமே. எழுவாய் பிரிட்டிஷார். பயனிலை கொண்டுவந்தனர். தொழிலாளர்கள் செயப்படுபொருள். ஈயம் தோண்டும் இயந்திரத்தையும் இதே வாக்கியத்தில் வைக்கலாம், ரப்பர் விதையையும் வைக்கலாம், இலக்கணம் மாறாது. நம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா இந்த வாக்கியத்தில் ஒரு சரக்கு. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், ஏன் வந்தார், வந்தபின் என்ன செய்தார், என்ன கேட்டார் என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் நுழைய இடமே இல்லை.

அருங்காட்சியகத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. பாதுகாத்து வைத்த பொருளைத்தான் அது காட்ட முடியும். சுல்தானின் கிரிசைப் பாதுகாக்க அரண்மனை இருந்தது. துரையின் நாற்காலியைப் பாதுகாக்கப் பங்களா இருந்தது. பால்மரத் தொழிலாளியின் உளி, மங்கு, காண்டா வாளி, பெரட்டுக்களத்தில் அடித்த மணி, இவற்றை யார் எடுத்து வைத்தார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது லயத்தோடு சேர்ந்து எல்லாம் போயின. ‘மங்கு’ என்றால் பால் சேரும் சிறு கிண்ணம் என்பதே இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாட்டிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வேறு இடங்களில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இலங்கையில் கம்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய லயன் அறைகளையே 2007-இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். மொரிசியசில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் 2006 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். பக்கத்தில் சிங்கப்பூரில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் இறங்கித் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம். அதைப் பார்க்க எந்தப் பள்ளிப் பேருந்தாவது போகிறதா? போனால் கடல் உணவுக்குத்தான்!

மெர்டேக்கா சதுக்கத்துக்கு வருவோம். இங்கே ஒரு தகவல் பிழை பல பள்ளிகளில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ‘இந்தத் திடலில்தான் துங்கு ஏழு முறை மெர்டேக்கா என்று முழங்கினார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் இந்தத் திடலில் யூனியன் ஜேக் கொடி இறக்கப்பட்டது, மலாயாக் கூட்டரசின் கொடி ஏறியது. விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டதும் அந்த ஏழு முழக்கமும் மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில். இரண்டு இடம், இரண்டு நேரம். அந்த அரங்கம் இன்னும் இருக்கிறது, மெர்டேக்கா 118 கோபுரத்தின் காலடியில். பேருந்து அங்கே நிற்பதே இல்லை.

சதுக்கத்துக்கு எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897-இல் கட்டி முடித்தது. ‘முகலாயப் பாணி’ என்று எழுதிக்கொண்டு பிள்ளைகள் நகர்ந்துவிடுகிறார்கள். கோலாலம்பூரில் முகலாயர் ஏது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்பதில்லை. கேட்கும்படி நாம் விடுவதும் இல்லை. நோர்மன் என்ற கட்டடக் கலைஞர் முதலில் ஐரோப்பியப் பாணியில்தான் வரைந்தார். மாநிலப் பொறியாளர் ஸ்பூனர், இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அதை மாற்றச் சொன்னார். இந்தியாவில் பிரிட்டிஷார் கட்டிப் பழகிய பாணி அப்படியே இங்கே வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1892, எழும்பூர் ரயில் நிலையம் 1908, கோலாலம்பூர் ரயில் நிலையம் 1910. மூன்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒரே எசமானர் இரண்டு கடற்கரையில் கட்டிய கட்டடங்கள். ஆட்களைக் கொண்டுவந்த அதே பாதையில்தான் குவிமாடமும் வந்தது.

இந்தக் கட்டடத்துக்குச் சுமார் 40 லட்சம் செங்கல் ஆனது என்பார்கள். செங்கல் என்றதும் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச் சுவரும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதனால் எழுந்த சூளைகள்தான் அந்தப் பேர் வரக் காரணம். காப்பித்தான் யாப் குவான் செங்கின் பேர் அந்தச் சூளைகளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

‘லிட்டல் இந்தியா’ என்ற அலங்காரம் 2010 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் தொடங்கி வைத்தது. சாஞ்சி பாணியில் நிற்கும் தோரண வாயில் 2015-இல் இந்திய அரசின் அன்பளிப்பாகத் திறக்கப்பட்டது. ஒரு மாணவி ‘பழமை வாய்ந்த தோரண வாயில்’ என்று எழுதியிருந்தாள். பாவம், அந்த வாயிலைவிட அவள்தான் மூத்தவள். உண்மையான பழமை அந்த வாயிலிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. 1904-இல் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய விவேகானந்தா ஆசிரமம். 2014-இல் அங்கே அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்து பெரிய எதிர்ப்புக் கிளம்பியது நினைவிருக்கலாம். 1894-இல் சிங்களவர்கள் தொடங்கிய அமைப்பின் பௌத்த மகா விகாரை. இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

இங்கேயும் நாம் மொத்தமாக ‘நம் முன்னோர்’ என்று சொல்லிவிடுகிறோம். பிரிக்பீல்ட்ஸ் கட்டிய முன்னோர் பெரும்பாலும் ரயில்வேக்காரர்கள். அதிலும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்துவிட்டு வந்த கிராணிமார், நிலைய அதிகாரிகள் ஒரு பக்கம், தண்டவாளம் போட்ட கூலிகள் ஒரு பக்கம். தோட்டத்துப் பிள்ளையின் கதை வேறு. தோட்டத்தில் கிராணிக்கும் பால்வெட்டுக்காரருக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பாட்டிமார் இன்றும் மறக்கவில்லை. ‘நம்மவர்’ என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிடக் கூடாது.

இந்தத் தூரம் எவ்வளவு என்று காட்ட கிள்ளானைவிட நல்ல வகுப்பறை இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவர். கோரிக்கைப் பட்டியலை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம். கொடுமை செய்யும் தோட்டச் சிப்பந்திகளை நீக்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பிறகு ஒன்று: துரையும் சிப்பந்திகளும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். சைக்கிளில் வந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்; அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. துரைமார் ஓடினார்கள். ஏழு மாத இடைவெளியில் இரண்டு சைக்கிள். ஒன்று பாடநூலில் இருக்கிறது, மற்றொன்று இல்லை. ‘தொழிலாளர்களைக் கொண்டுவந்தனர்’ என்ற அந்த வாக்கியத்தில் செயப்படுபொருளாகக் கிடந்தவர்கள் இங்கே எழுவாயாக எழுந்து நிற்கிறார்கள். கேட்டார்கள், மறுத்தார்கள், நின்றார்கள். பிள்ளைகளுக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. அவர்கள் கேட்டவற்றில் பிள்ளைகளின் கல்வியும் ஒன்று. இன்று தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் நமக்கு அந்தப் பட்டியல் தெரியாமல் இருக்கலாமா?

தலைநகரச் சுற்றுலா கிள்ளானில்தான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். கோலாலம்பூரின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. ராஜா அப்துல்லா 1857-இல் கிள்ளானில் கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது. அந்த ஆண்டு அவர் அம்பாங் பக்கம் அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் இறந்தார்கள். அந்தச் சுரங்கத்திலிருந்துதான் கோலாலம்பூர் வளர்ந்தது. 1880 வரை சிலாங்கூரின் தலைநகரமும் கிள்ளான்தான். 1886-இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதையை ஒட்டித்தான் இன்றைய கொமுட்டர் ஓடுகிறது.

ஆகவே பேருந்தை விடுங்கள். ஒரு வகுப்பு மட்டும், கிள்ளான் நிலையத்தில் ஏறிப் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கட்டும். நிலையத்தின் குவிமாடங்களைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகம் போய் மூன்றாவது கூடம் மட்டும் பார்க்கட்டும். திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசை, ஆசிரமம் வரை ஒரு நடை. பயிற்சித்தாள் வேண்டாம். அங்கே பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதற்குத் தமிழில் நாற்பது சொல்லில் ஒரு பலகை எழுதட்டும். நாற்பது சொல்லில் கதிரவனுக்கும் பறவைக்கும் இடம் கிடைக்காது. வீட்டில் உளியோ, மங்கோ, பழைய அடையாள அட்டையோ, சப்பான் காலத்து வாழைக்காசுத் தாளோ இருந்தால் அதற்கும் ஒரு பலகை. பாட்டியிடம் கேட்டு எழுதினால் பாட்டியின் பேரையும் போடச் சொல்லுங்கள்.

வகுப்புசார் மதிப்பீட்டில் இதை எந்தத் தரத்தில் சேர்ப்பது என்று சிலர் கேட்பீர்கள். எழுத்துத்திறனில் சேர்க்கலாம், வரலாற்றிலும் சேர்க்கலாம். ஒரு வேலைக்கு இரண்டு பதிவு, நமக்குத்தான் மிச்சம். அனுமதிக் கடிதத்தில் ரயில் பயணம் என்று எழுதினால் தலைமையாசிரியர் சற்று யோசிப்பார். ஐந்து மாணவருக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கையும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து வரும் ஆறு பேரின் பட்டியலையும் கூடவே இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.